பளுவும் பழுதும்



கணிப்பொறி வைத்திருக்கிற எவரும் ஒரு காலத்திலேனும் வாய்விட்டுச் சொல்லியிருக்கக்கூடிய புகார் ஒன்றைப் பற்றி இன்று மாலை பேசலாம் என்று எண்ணியிருக்கிறேன். "சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, பெரிய வேலை கொடுத்தால் மட்டும் படுத்துவிடுகிறது" என்பதே அந்தப் புகார். கடிதம் எழுதுகையிலும், கணக்குப் பார்க்கையிலும், சினிமாப் பார்க்கையிலும் யாதொரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கிற யந்திரம், கல்யாண வீடியோவை எடிட் செய்து முடித்து ரெண்டர் கொடுத்த சற்று நேரத்திலோ, புதிய விளையாட்டு ஒன்றைத் திறந்த மாத்திரத்திலோ, திரை நீலமாகி நின்றுவிடுகிறது. அல்லது பட்டென்று அணைந்து, ஒன்றும் அறியாததுபோல் தானே மறுபடி எழுந்து நிற்கிறது. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அவர் ஒரு நாள் பூராவும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் ஓடுது" என்று திருப்பித் தந்துவிடுகிறார்; மனம் கேட்காதவராயிருந்தால் ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறார். வீட்டுக்கு வந்து பளு ஏற்றியதும் பழைய குருடி கதவைத் திறடி என்ற நிலைதான்.

இத்தகைய யந்திரத்தைப் பயாஸ் என்னும் அமைப்புப் பகுதிக்குள் புகுந்து, வேகத்தையும் வோல்ட்டேஜையும் வாட் வரம்பையும் முன்பின் நகர்த்திச் சரிசெய்துவிடலாம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்லுவது பொய்யும் அன்று. ஆனால் அந்த அமைப்புகளை மருந்து என்று கொள்ளுமுன்பு, அவற்றை யந்திரத்திடம் நாம் கேட்கிற கேள்விகளாகக் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததும் வீழ்ச்சி நின்றுவிட்டது என்றால், நமக்கு ஒரு விடை கிடைத்தது என்றுதான் பொருள். நோய் தீர்ந்தது என்று பொருளாகாது. பளுவின்போது வெளிப்படுகிற பழுது பளுவினாலேயே உண்டானது என்று எண்ணுவதும் அப்படியே அவசரமான முடிவு. இதற்கு அண்மைக்காலச் சரித்திரத்தில் மிகப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. சற்றுப் பொறுத்து அங்கே வருகிறேன்.

பளு என்று நாம் சொல்லுவது யந்திரத்தின் உள்ளே என்னவாக நிகழ்கிறது என்பதை முதலில் நிதானமாகப் பார்த்துவிடுவது நலம். சுவரிலுள்ள பிளக்கில் நமக்குக் கிடைப்பது 230 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் அழைக்கிற இரும்புப் பெட்டி அதை 12 வோல்ட்டாக இறக்கி மதர்போர்டுக்குக் கொடுக்கிறது. மதர்போர்டில் பிராசசரைச் சூழ்ந்து வரிசையாக நிற்கிற சிறு சிறு உறுப்புகள் அந்தப் 12 வோல்ட்டை ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இன்னும் இறக்கிப் பிராசசருக்கு ஊட்டுகின்றன. வோல்ட் இறங்க இறங்க, அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறியாக வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ9-13900கே என்னும் பிராசசருக்கு, செய்தவர்களே வகுத்துள்ள உச்ச வரம்பு 253 வாட். சுவரிலிருந்து புறப்படுகையில் ஓர் ஆம்பியரைச் சற்றே தாண்டியிருந்த அந்தச் சக்தி, பிராசசரின் வாசலை அடைகையில் இருநூறு ஆம்பியராகப் பெருகிவிடுகிறது. நடுத்தரக் குடும்பத்து வீடு ஒன்றின் மின் இணைப்பு முழுதும் ஒருங்கே சுமக்காத ஆம்பியரை, தபால்தலையினும் சிறிய ஒரு சில்லு தனியே குடிக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கையில், அது வீழ்வதைக் காட்டிலும் வீழாமல் நிற்பதே எனக்கு ஆச்சரியமாகத் தோன்றுகிறது.

மேல்மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற ஒரே குழாயில் நான்கு வாய்களையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால், குளியலறையில் தண்ணீர் மெலிந்து விழுவதை நாம் அறிவோம். மின்சாரத்துக்கும் அந்தச் சுபாவம் உண்டு. மேலே சொன்ன பிராசசர் வகைக்கு இந்த மெலிவின் அளவு 1.1 மில்லி ஓம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது 200 ஆம்பியர் பாய்கையில் 0.22 வோல்ட் குறைந்துபோகும். ஒன்றேகால் வோல்ட்டில் வாழ்கிற ஒன்றுக்கு 0.22 வோல்ட் என்பது அற்பமன்று. இந்தக் குறைவைப் பிராசசர் முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்பக் கூடுதலான வோல்ட்டேஜைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கு மதர்போர்டு சொல்லுகிற ஓர் எண்ணை நம்பி நடக்கிறது. அந்த எண் பொய்யானால் கணக்கும் பொய்த்துப்போகும். இந்தச் சிறு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வோல்ட்டேஜ் குறைந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். 6 கிகாஹெர்ட்ஸ் வேகம் என்றால் விநாடிக்கு 600 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட காலத்தில், பிரபஞ்சத்திலேயே வேகமானதாகிய ஒளிகூட ஐந்து சென்டிமீட்டர் தூரம்தான் செல்ல முடியும். அந்த இடைவெளிக்குள் ஒரு கூட்டல் நடந்து, விடை தனக்குரிய இடத்தில் போய் அமர்ந்தாக வேண்டும். வோல்ட்டேஜ் குறைகையில் டிரான்சிஸ்டர்கள் மந்தகதியில் திரும்புகின்றன. விடை வந்து சேருமுன் அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் பதிவாகிறது. அந்தப் பூஜ்யம் ஒரு படத்தின் புள்ளியில் விழுந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஒரு முகவரியில் விழுந்தால், நிரல் தனக்கு உரிமையில்லாத இடத்தில் காலை வைத்து வீழ்கிறது. இயக்க முறைமையின் சொந்தக் கணக்கில் விழுந்தால் திரை நீலமாகிறது. காரணம் ஒன்று, காரியம் பல. ஒரே யந்திரம் இன்றைக்கு ஒரு விதமாகவும் நாளைக்கு வேறு விதமாகவும் வீழ்வதைக் கண்டு மக்கள் குழம்புவது இதனால்தான். என்னைக் கேட்டால், வெவ்வேறு விதமாக வீழ்வதையே ஹார்டுவேர் கோளாற்றின் முதல் லட்சணமாகக் கொள்ளலாம் என்பேன். சாஃப்ட்வேர்ப் பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தடுக்கி விழும்.

உஷ்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிராசசர் செலவிடுகிற சக்தி வேகத்தின் விகிதத்திலும், வோல்ட்டேஜினுடைய வர்க்கத்தின் விகிதத்திலும் ஏறுகிறது. இரண்டையும் பத்தில் ஒரு பங்கு உயர்த்தினால், வெளிப்படும் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். குளிர்விக்கும் சாதனம் எதுவாயினும் அது சுற்றுப்புறக் காற்றை நம்பியே வேலை செய்வதால், 22 டிகிரி அறையில் 80 டிகிரி காட்டிய பிராசசர், நம் ஊர்க் கத்திரி வெயிலில் 40 டிகிரி அறையில் ஏறத்தாழ 98 காட்டும். ஆயினும், உஷ்ணம் ஒன்றே தனித்து நின்று யந்திரத்தை வீழ்த்துவது இக்காலத்தில் அபூர்வம். 100 டிகிரியை நெருங்கியதும் பிராசசர் தானாகவே வேகத்தைத் தணித்துக்கொண்டு உயிர் பிழைக்கிறது. எந்தக் கோளாறானாலும் தெர்மல் பேஸ்டை மாற்றிப் பார்ப்பது என்று ஒரு சடங்கு நம்மிடையே வேரூன்றிவிட்டது. மாற்றுவதில் கெடுதலில்லை, அதனால் பிழை தீரும் என்று நம்பியிருப்பதில்தான் காலம் வீணாகிறது.

இனி, யந்திரத்திடம் கேள்வி கேட்கும் முறைக்கு வருவோம். வீழ்ச்சியின் ரூபத்தைக் கவனிப்பது முதற்காரியம். எந்த எச்சரிக்கையுமின்றி மின்சாரமே நின்றதுபோல் அணைந்து எழுகிறதென்றால், என் சந்தேகம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் செல்லும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் அப்போது கெர்னல்-பவர் 41 என்றொரு வரி காணப்படும். அதைக் கண்டவுடன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். யந்திரம் முறைப்படி மூடப்படாமல் நின்றுபோயிற்று என்பதற்கு மேல் அந்த வரி ஒன்றும் சொல்லுவதில்லை. அதே பதிவேட்டில் ஹியா-லாகர் என்ற பெயரில் வரிகள் இருக்குமானால் அவை வேறு ஜாதி. பிராசசரோ அதை அடுத்த உறுப்போ தன் பிழையைத் தானே ஒப்புக்கொடுக்கிற வாக்குமூலம் அது. அதைப் படிக்காமல் எந்த அமைப்பிலும் கை வைக்கலாகாது.

அடுத்து, பளுவைப் பிரித்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிரைம்95 என்னும் நிரல் பிராசசரை மட்டும் கசக்கிப் பிழியும். கிராபிக்ஸ் கார்டை அது தொடுவதில்லை. ஃபர்மார்க் என்பது அதற்கு நேர்மாறு. முதலாவதில் வீழ்ந்தால் பிராசசர் அல்லது ராம். இரண்டாவதில் வீழ்ந்தால் கிராபிக்ஸ் கார்டு. இரண்டிலும் தனித்தனியே நின்று, இரண்டையும் சேர்த்து ஓட்டுகையில் மட்டும் வீழ்ந்தால் எஸ்.எம்.பி.எஸ். என்று ஏறக்குறையத் துணியலாம். பிரைம்95 உண்மையில் பரீட்சைக்கென்று பிறந்த நிரலே அன்று. மெர்சென் வகைப் பகா எண்களைத் தேடுவதற்காக 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கணிதக் கூட்டுமுயற்சியின் கருவி அது. விடை ஒரு புள்ளி தவறினாலும் உழைப்பெல்லாம் பாழாகும் என்பதால், தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்படி எழுதப்பட்டது. அந்த அன்பர்கள் பகா எண் தேடப்போய், 2016-ஆம் வருஷ ஆரம்பத்தில் இன்டெல்லின் ஸ்கைலேக் பிராசசர்கள் குறிப்பிட்ட ஒரு வகைக் கணக்கில் உறைந்து நின்றுவிடுவதைக் கண்டு சொன்னார்கள். இன்டெல்லும் அதை ஒப்புக்கொண்டு பயாஸ் மூலம் திருத்தம் வழங்கிற்று. நடைமுறைக்கு உதவாத ஆராய்ச்சி என்று சிலர் பழிக்கிற ஒன்று கோடானுகோடி யந்திரங்களுக்கு உரைகல்லாக அமைந்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

எஸ்.எம்.பி.எஸ்.மீது சந்தேகம் விழுந்தால், அதைக் கழற்றி மாற்றுவதற்கு முன்பாகவே ஒரு கேள்வி கேட்டுவிடலாம். கிராபிக்ஸ் கார்டின் வாட் வரம்பை நூறு சதவிகிதத்திலிருந்து எழுபதுக்கு இறக்கிப் பாருங்கள். வீழ்ச்சி அடியோடு நின்றுவிட்டால், கார்டு ஒரு கணம் இழுக்கிற மிகையான சக்தியை எஸ்.எம்.பி.எஸ். தாங்கவில்லை என்பது புலப்படும். 320 வாட் என்று எழுதியிருக்கிற கார்டு சராசரியாகத்தான் 320. ஒரு விநாடியின் மிகச் சிறு பின்னத்தில் அது இருமடங்கை எட்டிப் பிடித்துவிட்டு இறங்கக்கூடியது. 2022-இல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற விதிமுறை, எஸ்.எம்.பி.எஸ். தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடி நேரம் தாங்க வேண்டும் என்று வகுத்ததே இந்தத் தொல்லையால்தான். மல்ட்டிமீட்டர் கையில் இருக்குமானால், பளுவின்போது 12 வோல்ட் கம்பியை அளந்து பாருங்கள், 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. மல்ட்டிமீட்டர் இந்தக் கணநேரப் பள்ளங்களைக் காட்டாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நம் தேசத்துக்கென்று இன்னொரு சங்கதியும் உண்டு: கடைகளில் பெருவழக்காக விற்கிற 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தாங்கும். அதில் ஒரு பெரிய கார்டுள்ள யந்திரத்தை மாட்டிவிட்டுப் பிராசசரைக் குற்றம் சொல்லுவது தர்மமாகாது.

ராம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டி.டி.ஆர்.5 ராமின் இயல்பான தொடக்க வேகம் 4800, வோல்ட்டேஜ் 1.1. பெட்டியின்மேல் 6000 என்று அச்சிட்டிருந்தால், அது எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் பயாஸில் இயக்கி, பெரும்பாலும் 1.35 வோல்ட் கொடுத்தால்தான் கிடைக்கிற வேகம். ஆகவே எக்ஸ்.எம்.பி.யை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதும், மெம்டெஸ்ட்86 என்னும் ராம் சோதனை நிரலை ஓர் இரவு முழுதும் ஓடவிடுவதும் செலவில்லாத பரீட்சைகள். எதைச் செய்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே மூச்சில் ஐந்து அமைப்புகளைத் திருத்திவிட்டு, "சரியாகிவிட்டது" என்று சொல்லுகிறவர், எது சரிசெய்தது என்று கேட்டால் விழிப்பார். முன்வரிசையில் இளைஞர்கள் சிரிப்பதைப் பார்த்தால் அனுபவம் உண்டு என்று தோன்றுகிறது.

இவையெல்லாம் பொது விதிகள். நான் முன்பு சொன்ன உதாரணத்துக்கு இப்போது வருகிறேன்.

இன்டெல் தன் பதின்மூன்றாம் தலைமுறைப் பிராசசர்களை 2022 அக்டோபரிலும், பதினான்காம் தலைமுறையை 2023 அக்டோபரிலும் சந்தைக்குக் கொணர்ந்தது. கோர் எனப்படும் கணக்கிடும் உறுப்புகள் இருபத்துநான்கு; உச்ச வேகம் முதலில் 5.8 கிகாஹெர்ட்ஸ், பிறகு 6, அதற்கும் மேலே 6.2 என்று ஏறிற்று. போட்டியாளரான ஏ.எம்.டி.யைவிட ஒரு படியேனும் உயர நின்றாக வேண்டும் என்ற பதைப்பு அந்த எண்களிலேயே தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். இந்தப் பிராசசர்களை வாங்கினவர்களிடமிருந்து விசித்திரமான ஒரு புகார் எழுந்து, 2024-இன் முற்பகுதியில் பெரிதாயிற்று. அன்ரியல் எஞ்சின் என்னும் மென்பொருள் கொண்டு ஆக்கப்பட்ட விளையாட்டுகளைத் திறந்ததும், உள்ளே நுழைவதற்கு முன்பே, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று ஒரு செய்தி காட்டி விளையாட்டு மூடிக்கொள்ளும். 24 ஜி.பி. நினைவகமுள்ள கார்டிலும் அதே செய்தி. செய்தியை நம்பினவர்கள் கார்டின் டிரைவரை மாற்றினார்கள், சிலர் கார்டையே மாற்றினார்கள், பயனில்லை.

அந்தச் செய்திக்குப் பின்னால் நடந்ததை அருகே சென்று பார்ப்போம். விளையாட்டு தொடங்குகையில் ஷேடர் என்னும் ஆயிரக்கணக்கான சிறு நிரல்களைப் பிராசசர் தன் எல்லாக் கோர்களையும் ஒருசேர முடுக்கித் தயார் செய்கிறது. அவை தட்டில் சுருக்கி வைக்கப்பட்டிருப்பவை. ஊடில் என்னும் நிரல் அவற்றை விரித்துக் கொடுக்கிறது. சுருக்கத்தை விரிப்பது என்பது ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் சரியான விடையைப் பிடித்துக்கொண்டு செல்கிற வேலையாதலால், நடுவில் ஒரு பிட் பிசகினால் மேற்கொண்டு செல்ல முடியாது. விரித்தது செல்லாது என்று ஊடில் கையை விரித்துவிடும். பொருள் வந்து சேராததைக் கண்ட விளையாட்டு, இடம் போதவில்லை போலும் என்று தன் புத்திக்கு எட்டிய காரணத்தைத் திரையில் எழுதிற்று. மற்ற நிரல்களிலும் பிட்டுகள் பிசகத்தான் செய்திருக்கும். அங்கே எவரும் சரிபார்க்காததால் வெளியே தெரியாது போயிருக்கும். ஊடில் சரிபார்த்ததால் பழி அதன்மேல் விழுந்தது. அதை ஆக்கிய ராட் கேம் டூல்ஸ் நிறுவனத்தார், தங்கள் நிரலில் பிழையில்லை என்றும், பிராசசரே தவறான விடை தருகிறது என்றும் விளக்கி, கோர்களில் பெரியவற்றின் பெருக்கெண்ணை 55-லிருந்து 53-க்கு இறக்கிப் பாருங்கள் என்று யோசனை சொன்னார்கள்.

இந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். பெருக்கெண் 55 என்றால், அடிப்படைத் துடிப்பாகிய 100 மெகாஹெர்ட்ஸை ஐம்பத்தைந்தால் பெருக்கி 5.5 கிகாஹெர்ட்ஸ். அதை 5.3 ஆக்கினால் வேகத்தில் இழப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. கண்ணால் கண்டுபிடிக்க இயலாத இழப்பு. அப்படி இறக்கியதும் விளையாட்டு ஒழுங்காகத் திறந்துகொண்டால், குற்றவாளி கிராபிக்ஸ் கார்டும் அன்று, விண்டோஸும் அன்று, பிராசசரின் வேகத்துக்கும் வோல்ட்டேஜுக்கும் இடையேயுள்ள கணக்கே என்பது ஐயந்திரிபற விளங்கிவிடுகிறது. காசு செலவில்லை, ஸ்குரூடிரைவரும் எடுக்க வேண்டியதில்லை. கேள்வி என்றால் இதுவன்றோ கேள்வி!

அடுத்தபடியாக மதர்போர்டுகளின்மேல் வெளிச்சம் விழுந்தது. வாட் வரம்பு 253 என்று இன்டெல் வகுத்திருக்க, பல மதர்போர்டுகள் பெட்டியைப் பிரித்த அன்றே 4,096 வாட் என்று அமைக்கப்பட்டிருந்தன. ஒரு வீட்டுக்குப் போதுமான மின்சாரத்தை ஒரு சில்லுக்கு அனுமதிப்பது வரம்பு இல்லை என்பதற்கு மறுபெயர்தான். பத்திரிகைகளின் ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு வரி மேலே நிற்பதற்காக ஒவ்வொரு மதர்போர்டுக்காரரும் செய்த கைங்கரியம் இது. வாங்கினவரோ, தான் ஒன்றையும் தொடவில்லை, எல்லாம் டீஃபால்ட் என்று நம்பிக்கொண்டிருந்தார். இன்னும் நுட்பமான ஒன்று உண்டு: முன்னே நினைவில் வைக்கச் சொன்னேனே, 1.1 மில்லி ஓம் என்ற எண், அதையும் சில மதர்போர்டுகள் குறைத்துச் சொல்லின. மெலிவு குறைவு என்று நம்பிய பிராசசர் குறைந்த வோல்ட்டேஜே கேட்டது; உஷ்ணம் தணிந்து எண்கள் அழகாயின; ஆனால் முழுப் பளு ஏறிய நிலையில் வோல்ட்டேஜ் போதாமல், விளிம்பில் நின்ற பிராசசர்கள் தடுக்கின. 2024 வசந்தத்தில் இன்டெல்லின் வற்புறுத்தலால் மதர்போர்டுக்காரர்கள் இன்டெல் டீஃபால்ட் என்ற பெயரில் புதிய அமைப்புகளை வெளியிட்டார்கள்.

இத்துடன் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினோம். முடியவில்லை. 253 வாட்டில் கட்டுப்படுத்திய யந்திரங்களும் வீழ்ந்தன; வாங்கிய புதிதில் ஒழுங்காக ஓடியவை சில மாதங்களில் வீழத் தொடங்கின; வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்யப்படாத, மிகுந்த அடக்கமுள்ள சர்வர் வகை மதர்போர்டுகளில் ஏற்றிய பிராசசர்களும் வீழ்வதாக, விளையாட்டு சர்வர்களை நடத்துகிறவர்கள் 2024 ஜூலையில் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார்கள். பெருக்கெண்ணை 53 ஆக்கி நிம்மதியடைந்தவர் சிலர், பிறகு 52 ஆக்க வேண்டியதாயிற்று. இது ஒன்றே போதும், உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டே வருகிறது என்பதற்கு அத்தாட்சி.

அந்த மாதக் கடைசியில் இன்டெல் காரணத்தை ஒப்புக்கொள்ளத் தொடங்கிற்று. செப்டம்பரில் முழு விளக்கமும் வந்தது. பிராசசருக்குள் உறைகிற மைக்ரோகோடு என்ற நுண்ணிரல், தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த மிகை வோல்ட்டேஜும் உஷ்ணமும் சேர்ந்து, கோரின் துடிப்பை விநியோகிக்கிற சுற்று ஒன்றைக் காலக்கிரமத்தில் முதுமையடையச் செய்தன, துடிப்பின் ஒழுங்கு குலைந்தது, முன்பு 1.2 வோல்ட்டில் நிமிர்ந்து நின்ற வேகத்துக்கு, இப்போது அதைவிடக் கூடுதலான வோல்ட்டேஜ் தேவைப்பட்டது. கேட்கும் அளவோ பழைய அளவு. ஆகவே பளு ஏறியதும் வீழ்ச்சி.

இதில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. அந்த மிகை வோல்ட்டேஜ் எப்போது சென்றது? எல்லாக் கோர்களும் உழைத்துக் களைக்கும்போது வோல்ட்டேஜ் உச்சத்தில் இருப்பதில்லை. அப்போது வேகமும் குறைகிறது, மெலிவும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் ஒரு சிறு வேலைக்காகச் சட்டென்று ஆறு கிகாஹெர்ட்ஸுக்குத் தாவி எழுகிற சமயத்தில்தான் அது உச்சத்தைத் தொடுகிறது. யந்திரம் ஏறக்குறைய சும்மா இருக்கும்போதும், இலேசான வேலை செய்யும்போதும் மிகை வோல்ட்டேஜ் சென்றது என்று இன்டெல் தன் செப்டம்பர் விளக்கத்தில் தனியே எடுத்துச் சொல்லியிருக்கிறது. காயம் ஓய்வில் பட்டது. வலி உழைப்பில் தெரிந்தது. பளுவைக் குறைத்து யந்திரத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தவர்கள், பளுவே இல்லாத நேரத்தில் அது தேய்ந்துகொண்டிருந்ததை அறியவில்லை. வாட் வரம்பைக் கட்டியது சரியான கேள்வி, ஆனால் 1.5 வோல்ட்டுக்கு மேல் தாவுகிற ஒற்றைக் கோரை அந்த வரம்பு தொடவே தொடாது, ஏனெனில் ஒற்றைக் கோர் குடிக்கிற வாட் சொற்பம்.

திருத்தங்களும் ஒன்றன்பின் ஒன்றாகவே வந்தன. 0எக்ஸ்125 என்ற மைக்ரோகோடு, உஷ்ணம் மிகுந்த நிலையிலும் ஐ9 பிராசசர்கள் உச்ச வேகத்தில் நீடித்ததைத் தடுத்தது. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129, வோல்ட்டேஜ் கோரிக்கை 1.55-ஐத் தாண்டாதபடி வேலி கட்டிற்று. செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி, முன்னிரண்டையும் உட்கொண்டு, ஓய்வு நேரத்து மிகையையும் அடக்கிற்று. இதற்கு ஓராண்டு முன்னே, 2023-இல், ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் சில பிராசசர்கள் கருகியபோதும், ராம் வேகத்துக்காக மிகையாய் ஏற்றப்பட்ட ஒரு வோல்ட்டேஜை 1.3-இல் கட்டிப்போட்டே நிலைமையைச் சமாளித்தார்கள். இரு கட்சியும் ஒரே நோயில் விழுந்தவைதாம். ஒன்றைக் காட்டி ஒன்றைப் புகழ்வதற்கு இடமில்லை.

மைக்ரோகோடு தேய்மானத்தை இனிமேல் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததை மீட்டுத் தராது. அமைப்புகளை மாற்றுகிறவர்கள் உணர வேண்டிய எல்லை இங்கே இருக்கிறது. புதிய பயாஸ் ஏற்றி, இன்டெல் டீஃபால்ட் அமைப்பில் வைத்து, எக்ஸ்.எம்.பி.யையும் அணைத்த பின்னும் ஒரு பிராசசர் பளுவில் வீழ்கிறதென்றால், பெருக்கெண்ணை 53, 52, 51 என்று இறக்கிக்கொண்டே போவது கெட்டிக்காரத்தனமாகாது. சொல்லி விற்ற வேகத்தில் ஓடாத பொருளை விற்றவரிடம் திருப்பித் தருவதே நியாயம். மூன்று வருஷ உத்தரவாதத்தை இந்த இரண்டு தலைமுறைகளிலும் பாதிப்புக்குள்ளாகக்கூடிய டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு ஐந்து வருஷமாக இன்டெல் நீட்டித்திருக்கிறது. பிராசசரைப் பெட்டியோடு தனியே வாங்கினவர் இன்டெல்லிடமும், கடையில் முழுக் கணிப்பொறியாக வாங்கினவர் அதைச் செய்து விற்றவரிடமும் கேட்க வேண்டும். 2022 அக்டோபரில் வாங்கியவருக்கு 2027 அக்டோபர் வரையில் தவணை இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் முதற்காரியமாகப் பயாஸின் முதல் பக்கத்தில் மைக்ரோகோடு 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தியதுதானா என்று பார்த்துவிடுங்கள். இரண்டாவது காரியமாக, வாங்கிய பில்லைத் தேடி எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.